சைபரிலிருந்து எண்ணுங்கள்!

பட்டிமன்றத் தலைப்பு: மாணவர்களுக்கு அறிவியலை உண்மையாகக் கற்றுத் தருவது புத்தகமா? செய்முறையா?

('செய்முறையே!' என்ற அணியின் நிறைவுரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிற அருமை நண்பர்களே! எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிற எங்கள் அணியின் இளவல்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே! வீட்டிலே குடும்பத்தோடு உட்கார்ந்து, விளம்பர இடைவேளையிலே மட்டும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிற தொலைக்காட்சி நேயர்களே! (சிரிப்பு) 

எதிரணித் தலைவர் பேசும்போது என்னைக் கைகாட்டி ஒரு கேள்வி கேட்டார். "இவர் தமிழ்ப் பேராசிரியர். இவருக்கும் செய்முறைக்கும் என்ன சம்பந்தம்? வீட்டிலே ஃபியூஸ் போனால் இவருக்குப் போடத் தெரியுமா?" என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, சபையிலே பொய் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாது.

போன மாதம் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டிலே விளக்கு அணைந்து போச்சு. தெருவிலே எல்லா வீட்டிலும் விளக்கு எரியுது; எங்க வீட்டிலே மட்டும் இருட்டு. என் மனைவி கேட்டாங்க, "ஏங்க, பள்ளிக்கூடத்திலே மின்சாரம் எல்லாம் படிச்சீங்களே, என்னன்னு பாருங்களேன்." நான் சொன்னேன், "அம்மா, ஓம் விதி சொல்லச் சொல்லு, இப்பவே சொல்றேன். ஃபியூஸை மட்டும் தொடச் சொல்லாதே." (சிரிப்பு) கடைசியிலே எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். ரெண்டே நிமிஷத்திலே விளக்கு எரிந்தது. போகும்போது வாசல் பலகையைப் பார்த்தார். என் பேருக்கு முன்னாலே 'டாக்டர்' என்று போட்டிருக்கு. "சார், ரெண்டு நாளா முதுகுவலி, ஒரு மருந்து சொல்லுங்க" என்றார். "தம்பி, நான் அந்த டாக்டர் இல்லே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ எதுக்கு சார் நீங்க?" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நண்பரே, நீங்கள் என்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு எங்கள் கட்சிக்கு முதல் சாட்சியைக் கூப்பிட்டுவிட்டீர்கள். பதினெட்டு வருஷம் படித்த ஒருவனுக்கு ஒரு கம்பியைத் தொடப் பயம் என்றால், அந்தப் படிப்பிலே எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை எங்கே என்று காட்டத்தான் எழுந்திருக்கிறேன்.

முதலிலே, செய்முறை என்றால் கண்ணாடிக் குடுவையும் அமிலமும் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதோ, இந்த அரங்கத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். செலவு ஒரு பைசா கிடையாது. எல்லோரும் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவர் அவர்களும்தான்! (சிரிப்பு) இப்போது 'ஆ' என்று நீட்டிச் சொல்லுங்கள். வருகிறதா? வருகிறது. இப்போது வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீட்டிச் சொல்லுங்கள். வரவில்லை! முட்டிக்கொண்டு நிற்கிறது. பார்த்தீர்களா? 'ம்' என்ற எழுத்துக்கு வாசல் மூக்கிலே இருக்கிறது. மெல்லின எழுத்துகளுக்கு மூக்கு வேண்டும் என்று நம் இலக்கண நூலார் எழுதி வைத்தார்கள். அவர்கள் என்ன கருவி வைத்திருந்தார்கள்? உதடு எங்கே ஒட்டுகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று தங்கள் வாயையே சோதனைக்கூடமாக வைத்துக்கொண்டல்லவா கவனித்திருக்க வேண்டும்!

முப்பது ஆண்டுகளாக நான் பிறப்பியல் நடத்துகிறேன். சூத்திரத்தை மட்டும் சொல்லி நடத்திய வருஷங்களிலே மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். மூக்கைப் பிடிக்கச் சொன்ன வருஷத்திலிருந்து ஒருவனும் அதை மறப்பதில்லை. தமிழுக்கே கை வேண்டியிருக்கிறது. அறிவியலுக்கு வேண்டாமா? (கைதட்டல்)

சரி, நம் பள்ளிக்கூடத்திலே என்ன நடந்தது? நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கேயும் சோதனைக்கூடம் இருந்தது. கதவிலே பெரிய பூட்டும் இருந்தது. வருஷத்திலே இரண்டு தடவை திறப்பார்கள். ஒன்று, இன்ஸ்பெக்ஷன். இன்னொன்று, ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டுவோம். ஒரு பையன் பக்தி மிகுதியாலே லென்ஸுக்கே சந்தனம் வைத்துவிட்டான். அடுத்த வருஷம் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் அதிலே கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன செல்?" என்று கேட்டார். (பலத்த சிரிப்பு)

அப்புறம் ரிக்கார்டு நோட்டு. எங்கள் ஊரிலே ஒரே ரிக்கார்டு நோட்டு அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று வம்சாவளியாக வரும். சோதனை செய்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. 'ஈயடிச்சான் காப்பி' என்கிறோமே, அதற்கு ஒரு கதை சொல்வார்கள். பழைய ஏட்டைப் பார்த்துப் பிரதி எழுதியவர், அதிலே ஒரு ஈ செத்து ஒட்டியிருந்ததைப் பார்த்து, தானும் ஓர் ஈயை அடித்து அதே இடத்திலே ஒட்டினாராம். நடுவர் அவர்களே, அதே கதைதான் நம் ரிக்கார்டு நோட்டுகளிலே நடந்துகொண்டிருக்கிறது. ஈ மட்டும்தான் மாறுது! (கைதட்டல்)

இப்போது எதிரணியின் வாதங்களுக்கு வருகிறேன்.

எதிரணியிலே பேசிய சகோதரி ராமானுஜத்தைக் காட்டினார்கள். "கும்பகோணத்துப் பையன் ஒரே ஒரு புத்தகத்தைப் படித்து உலகமேதை ஆகவில்லையா? எந்தச் சோதனைக்கூடத்துக்குப் போனார்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அது கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம். அதிலே ஆயிரக்கணக்கான முடிவுகள் இருக்கும். அந்த முடிவு எப்படி வந்தது என்ற விளக்கம் பெரும்பாலும் இருக்காது. ராமானுஜன் என்ன செய்தார்? மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கப் போனாரா? சிலேட்டை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டிலே எழுதுவார், துணி எடுத்துத் துடைக்கப் பொறுமையில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார், மறுபடி எழுதுவார். சகோதரி, அந்தச் சிலேட்டுதான் அவருடைய சோதனைக்கூடம். அழித்து அழித்து அழுக்கேறிய அந்த முழங்கை எங்கள் கட்சி! (கைதட்டல்)

அடுத்து, திருச்சியிலே பிறந்த சர் சி. வி. ராமன். 1921ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலிலே திரும்பி வருகிறார். கடல் நீலமாக இருக்கிறது. ஏன் நீலம்? வானத்தின் நீலம் தண்ணீரிலே பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானி சொல்லியிருந்தார். புத்தகத்திலே இருக்கு, பெரியவர் சொல்லியிருக்கார், நாம் யார் கேட்பதற்கு என்று ராமன் சாய்வு நாற்காலியிலே படுத்துக்கொள்ளவில்லை. கையிலே ஒரு சின்னப் பட்டகம் வைத்திருந்தார். கப்பல் தளத்திலே நின்று அதன் வழியாகக் கடலைப் பார்த்தார். மேற்பரப்பிலே பிரதிபலித்து வருகிற ஒளியை அந்தப் பட்டகத்தாலே விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! அப்படியானால் அது வானத்திடம் வாங்கிய கடன் அல்ல. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று தெரிந்துகொண்டார். அங்கே பிடித்த நூல்தான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவாக வந்தது. 1930இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. அந்தக் கப்பலிலே எத்தனை பேர் கடலைப் பார்த்திருப்பார்கள்! சோதித்துப் பார்த்தவர் அவர்.

எதிரணித் தலைவர் மைக்கேல் ஃபாரடேயைச் சொல்லி, "புத்தகக் கடையிலே வேலை பார்த்துப் புத்தகத்தாலே உயர்ந்தவர்" என்றார். பாதியைச் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன். கொல்லர் வீட்டுப் பிள்ளை. பதினாலு வயதிலே புத்தகம் பைண்டு செய்கிற கடையிலே தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தார். உண்மை. ஆனால் படித்ததைத் தன் கையிலிருந்த சொற்பக் காசிலே சாமான் வாங்கிச் செய்து பார்த்தார். புத்தகம் சொன்னது சரியா என்று சோதித்த பிறகுதான் நம்பினார். அந்தக் கைதான் 1831இலே காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்து மின்சாரம் உண்டாக்கும் வழியைக் காட்டியது. இன்றைக்கு எங்கள் வீட்டு ஃபியூஸ் வரைக்கும் வந்து சேர்ந்திருப்பது அந்த வழியிலே பிறந்த மின்சாரம்தான். (கைதட்டல்)

தொழில்நுட்பத்துக்கு வேறு ஊருக்குப் போக வேண்டாம், கோயம்புத்தூருக்கு வாருங்கள். ஜி. டி. நாயுடு 1893இலே கலங்கல் கிராமத்திலே பிறந்தார். பள்ளிக்கூடத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஆசை பிடித்துக்கொண்டது. ஓட்டலிலே வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரைச் சுற்றுவோம். அவர் அதை அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார். மறுபடி பூட்டினார். அப்படிக் கழற்றிப் பூட்டிய கைதான் பிற்பாடு பஸ் ஓட்டியது, தொழிற்சாலை வைத்தது, மின்மோட்டார் செய்தது, தொழிற்கல்விக்கூடமும் தொடங்கியது. வீட்டிலே பிள்ளை கடிகாரத்தைக் கழற்றினால் முதுகிலே ஒன்று வைக்கிறோமே தாய்மார்களே, கொஞ்சம் பொறுங்கள். திருப்பிப் பூட்டுகிறானா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்! (சிரிப்பு)

அடுத்த வாதம், பணம். "ஒவ்வொரு பள்ளிக்கும் சோதனைக்கூடம் கட்ட யாரிடம் காசு இருக்கு?" என்று கேட்டார்கள்.

மத்தியப் பிரதேசத்திலே அப்போது ஹோஷங்காபாத் என்று ஒரு மாவட்டம் இருந்தது. நர்மதைக் கரை. 1972இலே அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளிலே ஒரு முயற்சி ஆரம்பித்தார்கள். கிஷோர் பாரதி என்ற அமைப்பும், ரசூலியாவிலே இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் தொடங்கின. பெரிய பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் ரயிலேறி வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையிலே உட்கார்ந்து பாடம் தயாரித்தார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு நாலு பேராகச் சேர்ந்து தாங்களே சோதனை செய்ய வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். புத்தகத்திலே கேள்விதான் இருக்கும். விடையைப் பிள்ளைகள் கையாலே கண்டுபிடிக்க வேண்டும். பூவை அறுத்துப் பார்க்க ஊசி வேண்டும். கடையிலே வாங்கினால் காசு. என்ன செய்தார்கள்? வேலியிலே கருவேல முள் இருக்கிறதே, அதை ஒடித்துக்கொண்டார்கள். நம் ஊரிலே இல்லாத முள்ளா? (சிரிப்பு, கைதட்டல்)

அந்த ஹோஷங்காபாத்துக்கு 1978இலே ஓர் இளைஞர் வந்தார். அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யிலே படித்த என்ஜினீயர். லாரி தயாரிக்கிற கம்பெனியிலே வேலை. லீவு போட்டுவிட்டு வந்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற இடத்திலே சின்ன ரப்பர்க் குழாய் இருக்குமே, வால்வ் டியூப், அதைத் துண்டு துண்டாக வெட்டினார். மருந்து நீக்கிய தீக்குச்சியை அந்தத் துண்டின் இரண்டு பக்கமும் செருகினார். அவ்வளவுதான்! அதை வைத்து அவர் காட்டிய பாடத்தை இன்று ராத்திரியே உங்கள் வீட்டிலே செய்து பார்க்கலாம்.

நாலு குச்சி, நாலு டியூப் துண்டு. ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையை விரலாலே அழுத்துங்கள். சதுரம் சாய்ந்துவிடும், நம் ஊர்ப் பழைய பெஞ்சு மாதிரி. இப்போது மூணு குச்சி, மூணு துண்டு. முக்கோணம். அழுத்துங்கள். சாயாது! அப்படியே நிற்கும். ஏன்? மூன்று பக்கத்தின் நீளமும் மாறாமல் இருக்கிற வரைக்கும் முக்கோணத்தின் மூலைகள் மாற முடியாது. அந்தக் குழந்தை அடுத்த தடவை வயல் நடுவிலே உயரமான மின்கோபுரத்தைப் பார்க்கும்போது, "அப்பா! பாருங்க, அத்தனையும் முக்கோணம்!" என்று கத்தும். ஓட்டு வீட்டுக் கூரையின் கீழ் நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, இங்கேயும் முக்கோணம்!" என்று சொல்லும். ஏழு தீக்குச்சியிலே ஒரு கட்டடக்கலைப் பாடம். இதற்கு எத்தனை லட்சம் வேண்டும் நண்பரே? அரவிந்த் குப்தாவுக்கு 2018இலே பத்மஸ்ரீ கொடுத்தது நம் நாடு. குப்பையிலிருந்து பொம்மை செய்தவர் என்று அவரைச் சொல்வார்கள். குப்பையிலிருந்து கல்வி செய்தவர் என்று நான் சொல்கிறேன். (பலத்த கைதட்டல்)

"சரி, பரீட்சைக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார் எதிரணி இளைஞர். ஹோஷங்காபாத் பரீட்சைக்குப் பிள்ளைகள் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டே போகலாம். கேள்வி அப்படி இருக்கும். செய்து பார்த்தவன்தான் எழுத முடியும். பிட்டு அடிக்கவே வழியில்லை. புத்தகமே கையிலே இருக்கிறதே! (சிரிப்பு) முப்பது வருஷம் நடந்து, 2002இலே மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. "பார்த்தீர்களா, நின்று போச்சே" என்று எதிரணி சொல்லலாம். நிறுத்தினார்கள் ஐயா, தானாக நிற்கவில்லை. விளக்கை ஊதி அணைத்துவிட்டு, விளக்குக்கு வெளிச்சம் தரத் தெரியாது என்று சொல்லலாமா?

இன்னொரு சகோதரி, "இப்போ எல்லாச் சோதனையும் செல்போனிலே வீடியோவாக வருதே, பார்த்தால் போதாதா?" என்றார்கள். அம்மா, செல்போனிலே சமையல் வீடியோவும்தான் வருகிறது. பார்த்துவிட்டு ஏப்பம் விட முடியுமா? (சிரிப்பு) அதிலே எல்லாமே முதல் தடவையே சரியாக வரும். வீட்டிலே செய்தால்தான் தோசை கல்லிலே ஒட்டும். ஏன் ஒட்டியது என்று யோசிக்கிற இடத்திலேதான் அறிவியல் பிறக்கிறது.

ஆபத்து என்றார்கள். ஆமாம், அமிலத்தைக் குழந்தை கையிலே கொடுத்துவிட்டு ஆசிரியர் வெளியே போகக் கூடாது. ஆனால் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்பதைப் பழக்கப்படுத்தாமலே பிள்ளையை வளர்க்கிறோமே, அதைவிடப் பெரிய ஆபத்து உண்டா?

நான் புத்தகத்துக்கு விரோதி இல்லை. புத்தகம் விற்றுத்தான் நானும் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். (சிரிப்பு) புத்தகம் வழி சொல்லும். நடக்க வேண்டியது நம் கால். நம் தமிழ்நாட்டிலும் இது தெரியாமல் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே 2003இலே தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுவதும் போனது. 2022 நவம்பரிலே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வானவில் மன்றம் தொடங்கினார்கள். மத்திய அரசு 2016இலிருந்து பள்ளிகளுக்கு அடல் டிங்கரிங் கூடம் அமைக்க 20 லட்ச ரூபாய் வரை கொடுத்தது. எல்லாம் நல்லது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? மறுபடியும் ஆயுத பூஜைக்குத்தான் திறப்போம் என்றால், இருபது லட்சமும் இரண்டு ரூபாய்த் தீப்பெட்டிக்கு ஈடாகாது.

நடுவர் மணியிலே கை வைக்கிறார். நடுவர் அவர்களே, இரண்டே நிமிஷம். இதுவரை வாதம் பேசினேன். இப்போது என் வாழ்க்கையிலே நடந்த ஒன்றைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

1986. நான் பிளஸ் டூ. பள்ளியின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் கேட்காதீர்கள். தனி ஊசல் சோதனை. தாய்மார்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நூலிலே ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, தூளி ஆட்டுகிற மாதிரி லேசாக ஆட்டிவிடுவது. இருபது தடவை ஆட எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, அதிலிருந்து பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்குப் போட வேண்டும். விடை 9.8 வர வேண்டும். வகுப்பிலே அறுபது பேர், ஸ்டாண்டு ஒன்று. அதிர்ஷ்டவசமாக என் முறை வந்தது. ஒரு மீட்டர் நூல். ஆட்டிவிட்டேன். எண்ணினேன். 38 வினாடி. கணக்குப் போட்டேன். 10.9 வந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் 38. என் கண்ணால் பார்த்தது 38. அதையே எழுதிக்கொண்டு போனேன்.

ஆசிரியர் சிவப்பு மையாலே அடித்தார். "புத்தகத்திலே 9.8ன்னு இருக்கு, உனக்கு மட்டும் பூமி தனியா இழுக்குதா? 38ஐ அடிச்சிட்டு 40ன்னு எழுது" என்றார். வகுப்பே சிரித்தது. எழுதினேன். பத்துக்குப் பத்து. பக்கத்திலே இருந்தவன் அந்த நூலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கும் பத்துக்குப் பத்து.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபது பேரை நாற்பது நிமிஷத்திலே கரையேற்ற வேண்டிய மனிதர் அவர். ஆனால் அன்றைக்கு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, பள்ளிக்கூடத்திலே முதல் தடவையாக, கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாக என் கை எழுதியது. இரண்டு, எனக்கு அறிவியல் வராது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தமிழுக்கு வந்தேன். தமிழ் என்னை வாழ வைத்தது; அதிலே எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த 38 மட்டும் தொண்டையிலே முள்ளாக நின்றது.

2023 பிப்ரவரி 28. தேசிய அறிவியல் நாள். ஒரு கிராமத்து அரசுப் பள்ளியிலே கண்காட்சி. என்னைத் திறந்துவைக்கக் கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண்குழந்தை ஒன்று வேப்பமரக் கிளையிலே நூலைக் கட்டி ஒரு கல்லைத் தொங்கவிட்டிருந்தது. "சார், சின்னக் கல்லு போட்டாலும் பெரிய கல்லு போட்டாலும் நூல் ஒரே அளவா இருந்தா ஒரே நேரம்தான் ஆகும். நூல் நீளமானா மெதுவா ஆடும். நீங்களே எண்ணிப் பாருங்க" என்று சொல்லியது. மணி பார்த்துக்கொண்டே எண்ணினேன். இருபது. 38 வினாடி. என் நெஞ்சிலே பழைய சிவப்பு மை!

"இல்லே சார், 40 வரணும்" என்றது குழந்தை. மறுபடி எண்ணினேன். 38. நான் என்ன எதிர்பார்த்தேன்? "புத்தகத்திலே 40ன்னு இருக்கு சார்" என்று சொல்லும் என்று நினைத்தேன். அந்தக் குழந்தை அப்படிச் சொல்லவில்லை. "சார், இன்னொரு தடவை எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. கல்லை விட்டேன். "ஒண்ணு" என்றேன்.

"அதான் சார்!" என்று துள்ளியது. "விடும்போதே ஒண்ணுன்னு சொல்லிட்டீங்க. இன்னும் அது ஆடவே இல்லையே! விடும்போது சைபர்னு சொல்லணும். போயிட்டுத் திரும்பி வந்தாத்தான் சார் ஒண்ணு. நீங்க இருபதுன்னு சொல்றப்போ அது பத்தொன்பதுதான் ஆடியிருக்கு. எனக்கும் முதல்லே அப்படித்தான் வந்துச்சு."

நடுவர் அவர்களே, அங்கே இருந்த பெஞ்சிலே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தேழு வருஷம்! எனக்கு மூளை இல்லாமல் போகவில்லை. பூமி என்னைத் தனியாக இழுக்கவும் இல்லை. ஒன்றிலிருந்து எண்ணினேன், சைபரிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். அவ்வளவுதான். அன்றைக்கு என் அருகிலே ஒருவர் நின்று, "எப்படிப்பா எண்ணினே? சத்தமா எண்ணு, பார்ப்போம்" என்று ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருந்தால், ஒரு நிமிஷத்திலே தீர்ந்திருக்கும். (நீண்ட கைதட்டல்)

நான் அன்று முதலில் எழுதிய 38 தப்புதான். ஆனால் அது உண்மை. பிறகு எழுதிய 40 சரிதான். ஆனால் அது பொய். தப்பான உண்மையிலிருந்து ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள முடியும்; சரியான பொய்யிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. புத்தகம் மட்டும் போதும் என்று சொல்லுகிற பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு விடையைத்தான் கொடுக்கும். செய்முறை, தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கிற தைரியத்தைக் கொடுக்கும். "எனக்கும் முதல்லே அப்படித்தான் வந்துச்சு" என்று கூசாமல் சொன்னதே அந்தக் குழந்தை, அதுதான் அறிவியல்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் கூடத்தின் பூட்டைத் திறந்து வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளை மார்க்கு எவ்வளவு வாங்கினான் என்று கேட்பதோடு, இன்றைக்குக் கையால் என்ன செய்தாய் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். விடை தப்பாக வந்தால் திட்டாதீர்கள். சத்தமாக எண்ணச் சொல்லிப் பக்கத்திலே நில்லுங்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது எங்கள் அணி பேசியதை எண்ணிப் பாருங்கள். ஒன்றிலிருந்து வேண்டாம்; சைபரிலிருந்து எண்ணுங்கள்! (சிரிப்பு, கைதட்டல்) மாணவர்களுக்கு அறிவியலை உண்மையாகக் கற்றுத் தருவது செய்முறையே, செய்முறையே என்று தீர்ப்பளிக்க வேண்டும் எனக் கேட்டு அமைகிறேன்.